ஹாவ்லக்கின் பதக்கங்கள்: செராம்பூரின் மருமகன் ஒருவரைக் குறித்து

நம் இறையியல் கல்லூரிகளில் பயின்று வெளிவருவோர் பலருடைய பட்டச் சான்றிதழில் செராம்பூர் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அப்பெயரைக் கேட்டவுடன் கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவரும், அவர்களுடைய அச்சுக்கூடமும், 1818-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லூரியும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மூவருள் ஒருவரான யோசுவா மார்ஷ்மனின் மகளை மணந்தவர் ஆங்கிலேயப் படைத் தலைவர் ஒருவர் என்பதையும், 1858-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புராட்டஸ்டன்டுச் சபைகள் அவரை ஏறக்குறையப் புனிதராகவே கொண்டாடின என்பதையும் நம்மில் பலர் அறியோம். அவர்தாம் ஹென்றி ஹாவ்லக். (கொழும்பு நகரின் ஹாவ்லக் சாலையும், கோதாவரியின் மேலுள்ள ஹாவ்லக் பாலமும் இவர் பெயரால் அமைந்தவை அல்ல. அவை இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் ஆளுநராயிருந்த ஆர்தர் ஹாவ்லக் என்னும் வேறொருவரின் பெயரைத் தாங்குபவை.)

ஒரு படைவீரரின் வாழ்க்கையை அறிய அவருடைய பதக்கங்களை வரிசையாக நோக்குவதும் ஒரு வழியாகும். எப்போரை நினைக்க வேண்டும், யாரை நினைக்க வேண்டும் என்று அரசு எடுத்த முடிவே பதக்கமாக வார்க்கப்படுகின்றது. ஆகவே ஹாவ்லக்கின் பதக்கங்களைக் கையிலெடுத்து, அவற்றின் முகப்பில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் சேர்த்துப் பார்க்க விழைகின்றோம்.

ஹாவ்லக் 1795-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள சண்டர்லாந்தை அடுத்துப் பிறந்தார். தந்தை கப்பல் கட்டும் தொழிலில் செல்வம் ஈட்டிப் பின்னர் இழந்தவர். மகன் சட்டம் பயிலத் தொடங்கினார். தந்தையோடு மனக்கசப்பு ஏற்பட்டதால் அது தடைப்பட்டது. வாட்டர்லூப் போரில் பங்கேற்ற தமையன் வில்லியத்தின் உதவியால், அப்போர் முடிந்த சில வாரங்களில், 1815 ஜூலையில் இவருக்குப் படையில் இடம் கிடைத்தது. ஐரோப்பாவில் போர் ஓய்ந்துவிட்ட காலம் அது. எட்டு ஆண்டுகள் கழித்து, இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டு, 13-ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1823-ஆம் ஆண்டின் அக்கப்பற் பயணத்தில் உடன் வந்த கார்ட்னர் என்னும் இளம் அதிகாரியோடு நிகழ்த்திய உரையாடல்களால் அவருடைய விசுவாசம் உறுதி பெற்றது. அன்று முதல் இறுதிநாள் வரை அவர் அதினின்று பிறழவில்லை. இதைக் கூறுவதில் நமக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை.

அடுத்த ஆண்டே பர்மியப் போர் மூண்டது. இரங்கூனைப் பிடித்த படை, நகருக்கு மேலே உயர்ந்து நிற்கும் சுவேதகோன் பகோடாவைத் தன் அரணாக்கிக்கொண்டது. அதன் பக்க அறையொன்றில் ஹாவ்லக் தம் வீரரைக் கூட்டி ஜெபக்கூட்டம் நடத்தினார். ஒரு மாலை அவ்வழியே சென்ற அதிகாரி ஒருவர் பாட்டொலி கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார் என்றும், சுற்றிலும் அமர்ந்த கோலத்திலிருந்த புத்தர் சிலைகளின் மடிகளில் விளக்குகள் வைக்கப்பட்டிருந்தன என்றும், நடுவே ஹாவ்லக் திருமறையோடு நின்றார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியோர் மகிழ்ச்சியோடு கூறுகின்றனர். இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகின்றது. இரவில் திடீரெனப் பகைவர் தாக்கியபோது ஒரு படைப்பிரிவினர் குடிமயக்கத்தில் கிடந்தனராம். படைத் தலைவர் ஆர்ச்சிபால்ட் கேம்பல், ஹாவ்லக்கின் பரிசுத்தவான்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் குடிப்பதில்லை என்றாராம். அப்பெயர் அவருடைய வீரருக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பகோடா பர்மிய மக்களுக்கு எத்துணைப் புனிதமானது என்பதும், தம் வழிபாட்டிடத்தில் அந்நியப் படை பீரங்கிகளோடு குடியிருக்கக் கண்ட அவர்கள் நெஞ்சம் எவ்வாறிருந்திருக்கும் என்பதும் அவ்வரலாறுகளில் எழாத கேள்விகள். விளக்கைத் தாங்கிய சிலையின் மடியைக் கண்டவர்கள், அச்சிலையை வணங்கியவரைக் காணவில்லை.

அதே போரில் ஒரு பாப்திஸ்து ஊழியரும் இருந்தார் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. அமெரிக்க மிஷனெரியான அதோனிராம் ஜட்சன் 1812-இல் கல்கத்தாவில் செராம்பூரின் வார்டு கையால் திருமுழுக்குப் பெற்றவர். பர்மிய மொழியில் புதிய ஏற்பாட்டை ஆக்கிக்கொண்டிருந்தவர். ஆங்கிலம் பேசும் வெள்ளையர் அனைவரும் ஒற்றர்களே என ஐயுற்ற பர்மிய அரசு 1824 ஜூன் மாதத்தில் அவரை அவா நகரில் விலங்கிட்டுச் சிறையிலடைத்தது. ஓராண்டுக்கும் மேலாக அவர் சிறைப்பட்டிருந்தார். அவர் மனைவி ஆன், கைக்குழந்தையோடு அதிகாரிகளின் வாசல்தோறும் சென்று மன்றாடினார். மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காத்தார். போர் ஓய்ந்த சில மாதங்களில், 1826 அக்டோபரில், ஆன் இறந்தார். சுவேதகோன் பகோடாவில் பின்னாளில் பாப்திஸ்தரான ஒருவர் பாட்டுப் பாட, அந்தப் படையின் வருகையினாலேயே அவாவில் ஒரு பாப்திஸ்தர் விலங்குண்டிருந்தார். நற்செய்தியும் பேரரசும் ஒரே கப்பலில் வந்தன என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் ஒன்றின் வருகை மற்றொன்றைச் சிறையிலிட்டதும் உண்டு.

இப்போருக்குரிய பதக்கங்களின் கதை இதனினும் வியப்பானது. போர் முடிந்த 1826-ஆம் ஆண்டிலேயே கம்பெனி அரசு ஒரு பதக்கத்தை அறிவித்தது. அது இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டுமே உரியது. இந்திய அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசியது; மற்றோர்க்கு வெள்ளி. அதன் முகப்பில் அவாவின் வெள்ளை யானை பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் மண்டியிட்டிருக்கின்றது. ஹாவ்லக் உள்ளிட்ட ஐரோப்பியருக்கோ கால் நூற்றாண்டு கழிந்து, 1851-ஆம் ஆண்டில்தான், 1803 முதல் 1826 வரை நிகழ்ந்த இந்தியப் போர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு பதக்கம் ஒப்புக்கொள்ளப்பட்டது. எந்தப் போர் என்பதைக் காட்ட, நாடாவின் மேல் 'அவா' என்று பொறித்த சிறு வெள்ளிப் பட்டை. அதுவும் அன்று உயிரோடிருந்து கேட்டவர்களுக்கே. அப்போரில் மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் போரினால் அன்று, காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் மடிந்தனர்.

சிப்பாய்களுக்கு மட்டும் கம்பெனி இத்துணை விரைந்தது ஏன்? வங்கப் படையின் சிப்பாய்கள் பர்மாவுக்குச் செல்ல மறுத்தனர். மூட்டை சுமக்கும் மாடுகளைத் தம் செலவிலேயே அமர்த்த வேண்டும் என்ற கட்டாயமும், கடல் கடந்தால் சாதி கெடும் என்ற அச்சமும் சேர்ந்து பாரக்பூரில் 47-ஆம் பிரிவு முறையிட்டு நின்றது. 1824 நவம்பர் 2-ஆம் நாள் அவர்கள் மீது பீரங்கி சுடப்பட்டது. பலர் வீழ்ந்தனர், சிலர் பின்னர்த் தூக்கிலிடப்பட்டனர். பாரக்பூர் இருப்பது ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில். நேர் எதிர்க்கரையில் செராம்பூர். ஆகவே பர்மாப் படையெடுப்பின் பெரும்பாரம் கப்பலேற இசைந்த சென்னைப் படையின் மேல் விழுந்தது. தமிழரும் தெலுங்கரும் முகமதியரும் நிறைந்திருந்த படை அது. யானைப் பதக்கம் நன்றிக்காக மட்டும் வழங்கப்பட்டதன்று, அடுத்த கப்பலையும் எண்ணியே வழங்கப்பட்டது என்பது நம் கருத்து.

போரிலிருந்து திரும்பிய ஹாவ்லக் செராம்பூர்ச் சகோதரரோடு நெருங்கிப் பழகலானார். அவாப் படையெடுப்பின் வரலாறாக அவர் எழுதிய நூல் 1828-இல் செராம்பூரிலேயே அச்சேறிற்று. 1829 பிப்ரவரி 9-ஆம் நாள் ஹன்னா மார்ஷ்மனை மணந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஜான் மாக் அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆங்கிலேயத் திருச்சபையே அதிகாரிகளின் சபையாயிருந்த நாளில், ஒரு லெப்டினன்ட் பாப்திஸ்தராவது முன்னேற்றத்துக்கு உதவும் செயலன்று. பதவிகளை விலைகொடுத்து வாங்கும் முறையும் அக்காலப் படையில் இருந்தது. 1871-இல்தான் அது ஒழிந்தது. கையில் பணமில்லாத ஹாவ்லக்கைத் தாண்டிக் குடிகாரரும் அறிவிலிகளும் பதவி வாங்கிச் சென்றதை அவரே கசப்போடு குறிப்பிட்டிருக்கின்றார். 1815-இல் படையில் சேர்ந்தவர் கேப்டன் ஆனது 1838-இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் மலைநகரான லண்டூரில் அவர்கள் குடியிருந்த வீடு எரிந்தது, ஹன்னா கடுந்தீப்புண் பட்டார், கைக்குழந்தை இறந்தது. அவருடைய பிரிவின் சாதாரண வீரர்கள் தங்கள் ஒரு மாதச் சம்பளத்தை அவருக்கு ஈடாகக் கொடுக்க முன்வந்தனர். அவர் பெற்ற எப்பதக்கத்தினும் இதை நாம் உயர்வாக மதிக்கின்றோம்.

பின்வந்த பத்தாண்டுகளில் பதக்கங்கள் தொடர்ந்தன. ஆப்கானியப் போரில் 1839 ஜூலை 23-ஆம் நாள் கஜ்னிக் கோட்டை பிடிபட்டதற்கு ஒன்று. அரியணையில் மீண்டும் அமர்த்தப்பட்ட ஷா சூஜா அதனை வழங்க எண்ணியிருந்தார். வழங்குமுன்னரே 1842-இல் கொலையுண்டார். கம்பெனி அரசே பின்னர்க் கொடுத்தது. கொடுப்பதாகச் சொன்ன அரசர் மாண்டு, அவரை அமர்த்தப் புறப்பட்ட படை காபூலிலிருந்து பின்வாங்கும் வழியில் அழிந்துபோன பிறகு, அப்போரின் வெற்றிப் பதக்கம் வீரர் மார்பில் ஏறிற்று! ஹாவ்லக் அப்போது ஜலாலாபாதில் முற்றுகையிடப்பட்ட படையோடிருந்தார். 1842 ஜனவரி 13-ஆம் நாள் டாக்டர் பிரைடன் காயங்களோடு தனியனாய் அந்நகர் வாயிலை வந்தடைந்த செய்தி பலரும் அறிந்தது. ஏப்ரல் 7-இல் கோட்டைக்குள்ளிருந்தோர் வெளியேறித் தாக்கி முற்றுகையை உடைத்தனர். அன்று வலப்பக்க அணியை நடத்தியவர் ஹாவ்லக். கல்கத்தா நாணயச்சாலை வார்த்த ஜலாலாபாத் பதக்கத்தின் ஒரு புறம் கோட்டை மதில் வடிவான கிரீடமும், மறுபுறம் அந்த நாளும் உள்ளன.

1843 டிசம்பர் 29-ஆம் நாள் மகாராஜபூரில் குவாலியர்ப் படை முறியடிக்கப்பட்டது. ஹாவ்லக் தலைமைத் தளபதியின் பாரசீக மொழிபெயர்ப்பாளராக அங்கிருந்தார். அதற்களித்த விருது நட்சத்திர வடிவானது; கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தையே உருக்கி வார்த்தது. வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் நாளை ஏசாயா கண்டார். இங்கே பீரங்கி அணிகலனாயிற்று. பின்னர்ச் சீக்கியரோடு முத்கி, பெரோஸ்ஷா, சொப்ரான் ஆகிய களங்கள். அவற்றில் அவர் ஏறியிருந்த குதிரைகள் மூன்று சுடப்பட்டு வீழ்ந்தன. அதற்குச் சட்லெஜ் பதக்கம். 1848-இல் தமையன் வில்லியம் ராம்நகரில் மாண்டார். இவற்றை விரித்துரைப்பது நம் நோக்கமன்று.

இனி 1857. அவ்வாண்டின் தொடக்கத்தில் பாரசீகப் போருக்குச் சென்றிருந்த ஹாவ்லக், அதற்கும் ஒரு வெள்ளிப் பட்டைக்கு உரியவராகிப் பம்பாய் திரும்பினார். அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறியபோது இலங்கையின் களுத்துறைக் கடற்கரைக்கு அருகே கப்பல் பாறையில் மோதியது. உயிர் தப்பி, வேறு கப்பலில் ஜூன் நடுவில் சென்னை வந்தார். அங்கிருந்து கல்கத்தா சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 62. ஜூலை 7-ஆம் நாள் அலகாபாத்திலிருந்து கான்பூரை மீட்கப் புறப்பட்ட படையில் ஏறத்தாழ ஆயிரம் ஆங்கிலேயரும் நூற்றுச் சொச்சம் சீக்கியரும் இருந்தனர். முதலாம் சென்னைத் துப்பாக்கிப் படைப் பிரிவும் அதில் இருந்தது. பெயரில்தான் சென்னை, வீரர்கள் ஐரோப்பியர்.

அவர்கள் நடந்த சாலையில் மரங்களில் பிணங்கள் தொங்கின. சென்னைப் பிரிவின் தலைவர் நீல் முன்னணிப் படையொன்றை அனுப்பி, குறித்த சில கிராமங்களை அங்குள்ள ஆடவரோடு அழிக்க எழுத்தில் கட்டளையிட்டிருந்தார். விசாரணை என்பது பெயரளவிற்கே. ஜூலை 12-ஆம் நாள் பத்தேப்பூரில் ஹாவ்லக் முதல் வெற்றி பெற்றார், நகரம் கொள்ளையிடப்பட்டது. மறுநாள் தம் படைக்கு விடுத்த அறிக்கையில் அவ்வெற்றியின் காரணங்களை வரிசைப்படுத்தினார்: பீரங்கியின் விரைவு, என்ஃபீல்டுத் துப்பாக்கியின் ஆற்றல், ஆங்கிலேயரின் துணிவு, அவற்றோடு நீதியும் மனிதத்தன்மையும் நல்லாட்சியும் ஆகிய நியாயமான நோக்கத்தின்மேல் எல்லாம் வல்ல கடவுளின் ஆசி.

துப்பாக்கிக்குப் பின் கடவுள் இடம்பெற்ற இவ்வரிசையைப் படிக்கும்போது, அதே பத்தேப்பூரில் ஆயராயிருந்த கோபிநாத் நந்தியை நாம் நினையாதிருக்க முடியவில்லை. வங்காளியான அவர் அலெக்சாந்தர் டஃப்பின் வாயிலாகக் கிறிஸ்துவை ஏற்றவர். அவ்வாண்டு ஜூனில் மனைவி மக்களோடு பத்தேப்பூரை விட்டு ஓடி, அலகாபாத்தில் மௌல்வி லியாகத் அலியின் ஆட்களிடம் அகப்பட்டார். மதம் மாறினால் உயிரும் உரிமையும் உண்டு என்றனர், அவர் மறுத்தார். கோட்டையிலிருந்து நீலின் படை வெளிப்பட்டபோதுதான் விடுதலை பெற்றார். ஆம், அதே நீலின் படைதான். இந்தியக் கிறிஸ்தவரின் இக்கட்டு எத்தகையது என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டும் வேறொரு நிகழ்ச்சியை நாம் அறியோம். அவருடைய நாட்டு மக்கள் அவரை அந்நியரின் ஆளென்று சிறையிலிட்டனர். அவரை மீட்ட கைகள் அவருடைய நாட்டு மக்களின் இரத்தம் தோய்ந்தவை. விடுதலைக்குப் பின் அவர் மீண்டும் பத்தேப்பூருக்கே சென்று பணியாற்றினார். அவருக்குப் பதக்கம் இல்லை.

ஜூலை 17-இல் கான்பூரில் நுழைந்தபோது, இரு நாட்களுக்கு முன் பீபிகரில் ஏறத்தாழ 200 ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. அக்கொடுமையைச் சிறிதாக்கிப் பேச நாம் ஒருப்படோம். ஆயினும் பின்வந்த நீல், தூக்கிலிடப்படவிருந்தோர் அவ்வீட்டுத் தரையின் உறைந்த இரத்தத்தை முதலில் துடைக்குமாறு வற்புறுத்தியதும், சாதி கெட்டுச் சாகவேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்ததும் வரலாறு. ஹாவ்லக் இவ்வகையைச் சார்ந்தவரல்லர். கொள்ளையிடும் ஆங்கிலேயரைச் சீருடையோடேயே தூக்கிலிடுவதாக அறிவித்தார். நகரிலுள்ள மதுவையெல்லாம் அரசே வாங்கிவிடச் செய்தார். தாம் இருக்குமிடத்தில் நீல் கட்டளையிடுதலாகாது என்று நேருக்கு நேர் எச்சரித்தார். எனினும் அவ்வெச்சரிக்கை அதிகார எல்லையைப் பற்றியது. சாலையோரத்து மரங்களைப் பற்றியதன்று. தம் வீரரின் குடியையும் கொள்ளையையும் குறித்து அத்துணைக் கூர்மையாயிருந்த மனச்சான்று, அவர்கள் போரிட்ட காரணத்தை நோக்கித் திரும்பியதாக நாம் காணவில்லை.

கங்கையைக் கடந்து மும்முறை லக்னோவை நோக்கி முன்னேறி, காலராவாலும் ஆள் குறைவாலும் மும்முறை பின்வாங்கினார். செப்டம்பரில் துணைப்படையோடு வந்த அவுட்ரம், பதவியில் தாமே மூத்தவராயிருந்தும், லக்னோ மீட்கப்படும் வரை தலைமையை ஹாவ்லக்குக்கே விட்டுக்கொடுத்துச் சாதாரணத் தொண்டராகக் களத்தில் நின்றார். 25-ஆம் நாள் தெருத்தெருவாகப் போரிட்டு முற்றுகைக்குள்ளானோரை அடைந்தனர். நீல் அன்று மாண்டார். மீட்க வந்தவரும் முற்றுகைக்குள் அகப்பட்டனர். நவம்பரில் காலின் கேம்பல் வந்து வெளியேற்றிய சில நாட்களில், 24-ஆம் நாள், ஹாவ்லக் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். நாற்பதாண்டுகளாக இவ்வேளைக்கே ஆயத்தமாக வாழ்ந்ததாக அவுட்ரமிடம் கூறினார். கிறிஸ்தவன் எவ்வாறு சாகிறான் என்பதைப் பார் என்று மகனிடம் சொன்னார். ஆலம்பாகில் அவரை அடக்கம் செய்து, அருகிலிருந்த மரத்தில் ஓர் எழுத்தை மட்டும் அடையாளமாகச் செதுக்கினர்.

மரணச் செய்தி இலண்டன் சேருமுன் அரசு அவருக்குப் பாரனெட் பட்டத்தையும் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் உதவித்தொகையையும் அறிவித்திருந்தது. கலகப் பதக்கம் 1858-இல் ஏற்படுத்தப்பட்டது. அவர் அதைக் காணவில்லை. கான்பூர்ப் போரில் காட்டிய வீரத்துக்காக அவர் மகனுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. பரிந்துரைத்தவர் தந்தையே என்பதால் 64-ஆம் பிரிவின் அதிகாரிகள் முணுமுணுத்தனர். அச்சிலுவை இந்தியச் சிப்பாய்களுக்குத் திறக்கப்பட்டது 1911-இல்தான்.

ஹாவ்லக்கைப் புனிதராக்கும் பணி உடனே தொடங்கிற்று. இலண்டன் பாப்திஸ்துப் போதகர் வில்லியம் பிராக் 1858-இலேயே ஒரு வரலாற்றை வெளியிட்டார். 1860-இல் விரிவான வரலாற்றை எழுதியவர் ஜான் கிளார்க் மார்ஷ்மன்; அவர் ஹன்னாவின் சகோதரர். நாம் அறிந்திருக்கும் ஹாவ்லக், மைத்துனர் வரைந்த ஹாவ்லக் என்பதை மாணவர் மனத்திற்கொள்வது நன்று. 1861-இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. இலண்டன் மேயர் ஒருவர் 2000-ஆம் ஆண்டில், அச்சிலை யாருடையது என்றே தமக்குத் தெரியாது, அகற்றிவிடலாம் என்றார், சிலை நின்றுவிட்டது. நீலின் சிலையோ நம் சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. 1927-இல் அதை அகற்றக் கோரிச் சோமயாஜுலு முதலியோர் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். 1937-இல் இராஜாஜி அமைச்சரவை அதனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிற்று. அந்தமானில் ஹாவ்லக்கின் பெயரைத் தாங்கிய தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவாயிற்று.

1851-ஆம் ஆண்டுப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே 1826-ஆம் ஆண்டின் யானைப் பதக்கத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சென்னையிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பிய சிப்பாய் ஒருவர் அதைத் தம் ஊரில் அணிந்திருக்கக்கூடும். நம் பழைய சபைகளுள் ஏதேனும் ஒன்றின் உறுப்பினராகவும் அவர் இருந்திருக்கக்கூடும். பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது யாருடையது என்று தெரியாது. யானை இருக்கின்றது, சிங்கம் இருக்கின்றது. விளிம்பு வெறுமையாய் இருக்கின்றது.